வெப்லி மார்க் 6 ரிவால்வர், 850 டாலர் கேட்கிறார்: வாங்கலாமா?

கொலம்பஸ் குமரன்:

வணக்கம். ஒகையோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். பழைய நாணயம், பழைய கேமரா என்று சேர்க்கிற பழக்கம் உண்டு. துப்பாக்கி எதுவும் இதுவரை வாங்கியதில்லை.

பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்கிறார். பழைய சாமான்களோடு, பிரிட்டிஷ் படை பயன்படுத்திய வெப்லி மார்க் 6 ரிவால்வர் ஒன்றும் விலைக்கு இருக்கிறது. நடுவில் மடங்கித் திறக்கிற வகை. திறந்தால், தோட்டா போடும் சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பிக் காலிக் கூடுகளை வெளியே தள்ளுகிறது. ஆறு அங்குலக் குழல். உடம்பில் 1917 என்று வருடம் குத்தியிருக்கிறது, கைப்பிடி அடியில் கயிறு கட்டும் வளையம். குழலிலும் சிலிண்டரிலும் ஒரு கிரீடம், அதன் கீழே பிஎன்பி என்று மூன்று ஆங்கில எழுத்து. கூடவே ஒரு தோல் உறையும் தருகிறார். எல்லாம் சேர்த்து 850 டாலர்.

பெரியவர் சொல்லும் கதை இது: அவருடைய தாத்தாவுக்கு ஓர் ஆஸ்திரேலிய நண்பர். அவர் முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபோலியில் சண்டை போட்டபோது இடுப்பில் இருந்த துப்பாக்கி இதுதானாம். போர் முடிந்ததும் தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்தாராம்.

எனக்கும் இதில் ஒரு சொந்த ஆசை இருக்கிறது. என் அப்பாவின் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய இராக்) போனவர். வீட்டில் ஒரு பதக்கம் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. அவர் கையிலும் இப்படி ஒன்றுதானே இருந்திருக்கும்?

விலை சரியா? சுட முடியுமா? இரும்பின் மேல் ஏற்றிய நீலப் பூச்சு ஆங்காங்கே போய்ச் சாம்பல் நிறமாக இருக்கிறது, பாலிஷ் போட்டுக்கொள்ளலாமா? பின்னாளில் ஊரோடு போனால் கையோடு எடுத்துப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டல்லாஸ் மாப்பிள்ளை:

முதலில் ஒரு கேள்வி. கிரீன் கார்டு வந்துவிட்டதா, இல்லை இன்னும் எச்1பியா? எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகிற வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. நம்மாட்கள் பலருக்கு இது தெரியாது. ஆசையில் வாங்கிவிட்டு, கிரீன் கார்டு நேர்காணலில் போய் முழிக்க வேண்டாம்.


கொலம்பஸ் குமரன்:

கிரீன் கார்டு வந்துவிட்டது. நன்றி.


லேத்துக்காரர்:

தம்பி குமரன், அந்தப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் நம்பிச் சொல்கிறார். ஆனால் நீங்கள் எழுதிய விவரத்திலேயே அந்தக் கதை நிற்கவில்லை.

கலிபோலியிலிருந்து கடைசிப் படையும் வெளியேறியது 1916 ஜனவரியில். உங்கள் துப்பாக்கியில் குத்தியிருப்பது 1917. செய்யாத துப்பாக்கியை எவனும் இடுப்பில் மாட்டிக்கொண்டு போக முடியாது. மார்க் 6 என்கிற மாடலே 1915இல்தான் படைக்கு வந்தது. அதற்கு முந்தைய மார்க் 5 1913இல் வந்தது. அதற்கெல்லாம் கைப்பிடி வளைந்து பறவைத் தலை மாதிரி இருக்கும். மார்க் 6க்குத்தான் கைப்பிடியின் அடி சதுரமாகத் தட்டையாக வரும். போர்க்காலத்தில் பர்மிங்ஹாமில் இதைச் சுமார் மூன்று லட்சம் செய்து தள்ளினார்கள். அரிய பொருள் அல்ல. ஆனால் கை வைக்காமல் அப்படியே மிஞ்சியது அமெரிக்காவில் சுலபத்தில் கிடைக்காது. ஏன் என்றுதான் இப்போது சொல்லப்போகிறேன், அந்த 850 டாலரின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் இந்த ரிவால்வர்களைக் கழித்துக் கட்டியது. இங்கே இருந்த இறக்குமதியாளர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கொண்டு வந்தவர்களுக்கு ஒரு தலைவலி: இதற்குரிய .455 தோட்டா (எண் அங்குலத்தில் அளவு) இந்த ஊர்க் கடைகளில் சீந்துவாரில்லை. அமெரிக்கனிடம் இருந்தது .45 ஏசிபி தோட்டா, அதாவது கோல்ட் 1911 பிஸ்டலின் தோட்டா. அதற்கு வெளியே துருத்தும் விளிம்பு கிடையாது. 1917 மாடல் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் செய்தது போல அரைவட்டத் தகட்டில் மும்மூன்றாகக் கோத்தால் விளிம்புள்ள தோட்டாவாக வேலை செய்யும். ஆனால் அந்தத் தகடு உட்கார வெப்லியில் இடமில்லை. என்ன செய்தார்கள்? சிலிண்டரை லேத்தில் பிடித்துப் பின்முகத்தை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கடைந்து எடுத்துவிட்டார்கள். இங்கே இதை 'ஷேவ் பண்ணிய சிலிண்டர்' என்பார்கள். நான் முப்பது வருடம் டூல் ரூமில் இருந்தவன். வேலை என்று பார்த்தால் பத்து நிமிட வேலை, போனது திரும்ப வராது.

நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முதலில் துப்பாக்கியைத் திறந்து ஆறு அறையும் காலிதானா என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். அப்புறம் மூடி, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிலிண்டரின் பின்முகத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? .455 தோட்டாவின் விளிம்பு மெல்லியது, சுமார் ஒரு மில்லிமீட்டர். கடையாத துப்பாக்கியில் அது அடங்குகிற இடம்தான் இருக்கும். கடைந்ததில் வெளிச்சம் தாராளமாகத் தெரியும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆட்டோ பாகக் கடையில் விற்கிற ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்றை எடுத்துப் போங்கள், பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைந்திருந்தால் விலையும் குறைய வேண்டும், சுடுகிற யோசனையும் மாற வேண்டும். கடையில் விற்கும் .45 ஏசிபி தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. .455 அதைவிட வெகு சாது: 265 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு, நொடிக்கு அறுநூறு அடி சொச்சம் வேகம், கனமான குண்டு மெதுவாகப் போய் இடிக்கும். வெப்லியை அந்த அழுத்தத்துக்குத்தான் கட்டினார்கள். 'என் மாமா வருஷக்கணக்காக ஏசிபி போட்டுச் சுட்டார், ஒன்றும் ஆகவில்லை' என்று துப்பாக்கிச் சந்தையில் எவனாவது சொல்வான். அந்த மாமா கதையைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். நாள்பட நாள்பட மேல் பூட்டும் கீல் முளையும் தளரும், சில துப்பாக்கிகளில் சிலிண்டரே வெடித்திருக்கிறது.

சிலிண்டர் கடையாமல் இருந்தால் ஃபியோக்கி கம்பெனியின் .455 தோட்டா அவ்வப்போது கிடைக்கும், நிம்மதியாகச் சுடலாம்.

மற்றபடி பார்க்க வேண்டியது: பூட்டிய நிலையில் ஒரு கையால் பிடியையும் மறு கையால் குழலையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், கடகடவென்று ஆடக்கூடாது. ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியை, மெதுவாக இழுத்தால், அது பிடித்து நிற்கும்போது சிலிண்டரும் நின்றிருக்க வேண்டும். குழலுக்குள் டார்ச் அடியுங்கள். அந்தக் காலத் தோட்டாவில் இருந்த உப்பு குழலைத் தின்னும். சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் விலையில் தட்டுங்கள். உடம்பு, குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே நம்பரா என்று பாருங்கள். கைப்பிடித் தகடு கெட்டியாக்கிய ரப்பர், மூலைகள் உடைந்திருக்கும், அதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம்.

பாலிஷ்? கையை வைக்காதீர்கள். இந்தப் பொருளுக்கு மரியாதையே அதன் மேல் இருக்கும் குத்துகளால்தான்: பிரிட்டிஷ் படைச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி, கிரீடம், சோதனை முத்திரை, சில நேரம் படைப்பிரிவின் எழுத்து. பஃப் போட்டால் முதலில் போவது அவைதான். மறுபடி நீலம் ஏற்றியதைச் சேகரிப்பவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். கொஞ்சம் எண்ணெய், பழைய பனியன் துணி, அவ்வளவு போதும்.

உங்கள் கொள்ளுத்தாத்தா பற்றி. மனசு கோணாமல் கேளுங்கள். சாப்பர்ஸில் சாதாரணச் சிப்பாய் என்றால் அவர் தோளில் இருந்தது லீ என்ஃபீல்டு ரைஃபிள். ரிவால்வர் அதிகாரிகளின் இடுப்பில். அந்த அதிகாரிகளும் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்கியவர்கள். சேரும்போதே வாள், ரிவால்வர், பைனாகுலர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே அவர் நினைவாக ஏதாவது வேண்டுமென்றால் அந்தப் பதக்கத்தின் விளிம்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். எந்த ரிவால்வரும் சொல்லாததை அது சொல்லும்.


பர்மிங்ஹாம் பாலா:

லேத்துக்கார அண்ணை சொன்னதோட அந்த மூன்று எழுத்தையும் சேர்த்துப் பாருங்கோ. நான் இருக்கிற ஊர் முத்திரை அது, அதனாலதான் எழுதுகிறேன்.

இங்கே பர்மிங்ஹாமில் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கிற புரூஃப் ஹவுஸ் ஒன்று 1813இலிருந்து இருக்கிறது. பாராளுமன்றச் சட்டம் போட்டு உருவாக்கினது, இன்றைக்கும் அதே கட்டிடத்தில் வேலை நடக்குது. படைக்காகச் செய்த துப்பாக்கி, பொதுமக்களுக்கு விற்கிறவற்றுக்கான இந்தச் சோதனைக்கு வருவதில்லை. ஆனால் படை அதைக் கழித்து வியாபாரிக்கு விற்றால், வியாபாரி இங்கேயோ லண்டனிலோ கொண்டு வந்து சோதிச்சு முத்திரை வாங்காமல் விற்கக் கூடாது. கிரீடத்தின் கீழே பிஎன்பி என்கிற முத்திரை 1954க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் பிவி, பிபி, என்பி என்று தனித்தனியாகத்தான் குத்தினவை.

ஆகவே குமரன், உங்கட துப்பாக்கி குறைந்தது 1954 வரைக்கும் பிரிட்டனை விட்டுப் போகவில்லை, அல்லது போய்த் திரும்பி வந்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட ஆஸ்திரேலியன் ஒருவன் அமெரிக்க நண்பனுக்குப் பரிசாகக் கொடுத்தது என்றால் அதில் பிஎன்பி எப்படி வரும்?

இன்னொன்று. அமெரிக்க இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் எங்கேயாவது குத்தியிருக்கா? 1968 சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியானவற்றில் அது கட்டாயம். இல்லையென்றால் 1954க்கும் 1968க்கும் நடுவில் கப்பலில் வந்த மூட்டையில் ஒன்று என்று நினைக்கலாம். அந்தக் காலத்தில் வந்தவைதான் அதிகமாகக் கடைசல் பட்டவை.

இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டுகிற மாதிரி ஒரு குறி இருக்கா என்றும் பாருங்கோ. படையிலிருந்து முறைப்படி விற்றதற்கான அடையாளம் அது. இருந்தால் நல்லது.

எனக்கு இங்கே இதையெல்லாம் பார்த்து ஏங்கத்தான் முடியும். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்துவிட்டார்கள். வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்குது, சிலதை வீட்டில் தோட்டா இல்லாமல் வைத்திருக்கலாம், சிலதை அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் வைத்துச் சுடலாம். அதற்குரிய எழுத்துவேலை ஒரு தனி உத்தியோகம். என்னிடம் இருக்கிறது செயலிழக்கச் செய்த மார்க் 6 ஒன்று, சான்றிதழோட. விசை இழுபடாது. சுவரில் அழகாக இருக்குது, அவ்வளவுதான்.


சிந்தாதிரிப்பேட்டை:

ஊருக்கு எடுத்துப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள் சார். .455 இந்தியாவில் தடை செய்யப்பட்ட 'போர்' (bore), அதாவது தடை செய்யப்பட்ட குழல் அளவு. சாதாரண லைசென்சில் வராது. இது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. படைக்கும் பொதுமக்களுக்கும் ஒரே அளவுத் தோட்டா இருந்தால் படைக்கிடங்கிலிருந்து தோட்டா வெளியே கசியும் என்று பயந்தான். இதே பயத்தில் 1907 வாக்கில் .450 அளவு ரைஃபிள்களை இந்தியாவுக்குள் விடாமல் நிறுத்தினான். புலி வேட்டைக்கு விற்றுக்கொண்டிருந்த லண்டன் கம்பெனிகள் பதறிப்போய் .465, .470 என்று புது அளவுகள் கண்டுபிடித்தன. ஆப்பிரிக்காவில் யானை சுட்ட பல பிரபலத் துப்பாக்கிகளுக்கு இப்படித்தான் அளவு அமைந்தது. யாருக்கோ போட்ட பூட்டு, யாருக்கோ தொழில்.

நம்மூரில் வெப்லி என்றால் .32 தான். என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது மட்டும் வெளியே வரும், நாங்கள் தொடக்கூடாது. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குவார், முடிந்ததும் போய் வாங்கி வருவார். சுட்டதாக ஞாபகமே இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. இதில் 'சேகரிப்பு' என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே இருக்கும் எங்களுக்கு ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிதான் கதி.

அந்தத் தோல் உறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. படம் போடுங்கள். பழைய பிரிட்டிஷ் உறை, பெல்ட் என்று உலகமெங்கும் விற்பதில் கணிசம் நம் நாட்டில் இப்போது தைத்தவை. உள்ளே மோந்து பாருங்கள், புதுச் செருப்புக்கடை வாசம் வந்தால் அது நூறு வருடத்துப் பொருள் இல்லை.


கொலம்பஸ் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

ஃபீலர் கேஜ் எடுத்துப் போனேன். இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தாராளமாக இருக்கிறது, கடைந்ததுதான். உடம்பிலும் குழலிலும் ஒரே நம்பர். இறக்குமதியாளர் பெயர் எங்கேயும் இல்லை. இரட்டை அம்புக்குறி இருக்கிறது. குழல் உள்ளே பரவாயில்லை, பூட்டு லேசாக ஆடுகிறது. உறையை மோந்து பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியவரிடம் கலிபோலி தேதியைச் சொல்ல மனசு வரவில்லை. சிலிண்டரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவருக்கும் அது தெரியாதாம். 600க்குத் தருகிறேன் என்கிறார்.

அப்போது இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். இதைவிடச் சின்னது, இதே மாதிரி மடங்கித் திறக்கிறது. ஐந்து அங்குலக் குழல், என்ஃபீல்டு, எண் 2 மார்க் 1, பக்கத்தில் ஒரு நட்சத்திரம், 1942. ஹேமரில் கட்டைவிரல் வைக்கும் கொக்கியே இல்லை. உடைந்துபோனது போல இருக்கிறதே என்றால் 'அது அப்படித்தான்' என்கிறார். இதற்கு 450 கேட்கிறார். எதை எடுப்பது?


லேத்துக்காரர்:

நானாக இருந்தால் என்ஃபீல்டை எடுப்பேன், தம்பி. யோசிக்கவே மாட்டேன்.

கொக்கி இல்லாதது உடைசல் அல்ல. 1938இல் நட்சத்திர மாடல் வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் சாமான்களில் மாட்டுகிறது என்று டாங்கிப் படைக்காரர்கள் முறையிட்டதாகச் சொல்வார்கள். விசையை முழுதாக இழுத்துத்தான் சுட வேண்டும். அதற்கு முந்தைய கொக்கி வைத்த மார்க் 1 துப்பாக்கிகளையும் பழுது பார்க்க வந்தபோது பிடித்து நட்சத்திரமாக மாற்றிவிட்டார்கள். அதனால் மாற்றாத மார்க் 1 கிடைத்தால் அதற்கு விலை வேறு.

உங்களுக்கு ஏன் இது நல்லது என்றால், .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டா இன்றைக்கும் இந்த ஊரில் தயாராகிறது. என்ஃபீல்டின் அறை அளவும் அதுதான். .38 ஸ்பெஷல் வேறு, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடாமல் பெட்டியைப் படித்து வாங்குங்கள். யாரும் லேத்தில் கை வைக்காத துப்பாக்கி, கடையில் கிடைக்கும் தோட்டா. முதல் துப்பாக்கிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு கூத்தும் சொல்கிறேன். இந்த என்ஃபீல்டின் உருவத்தை பிரிட்டிஷ் அரசாங்கம் பெரும்பாலும் வெப்லி கம்பெனியின் உழைப்பிலிருந்தே எடுத்தது. வேலையை வாங்கிக்கொண்டு ஆர்டரைத் தன் சொந்த என்ஃபீல்டு தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டது. வெப்லி 2,250 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டது, கடைசியில் கிடைத்தது 1,250. போர் வந்து என்ஃபீல்டால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதும் அதே வெப்லியிடம் போய் அவர்களுடைய .38 மார்க் 4ஐ வாங்கினார்கள்.

அந்த வெப்லியைக் கடைந்த சிலிண்டரோடு 600க்கு எடுப்பது மோசமில்லை. ஆனால் பூட்டு ஆடுகிறது என்கிறீர்கள், அதனால் அது சுடுவதற்கு இல்லை, சுவருக்குத்தான். 500க்கு இறங்கினால் யோசியுங்கள்.

இப்படி ஒன்றுக்கு இரண்டாகப் போகும் என்று தோன்றினால் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான கியூரியோ அண்ட் ரெலிக் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு 30 டாலர், ஐம்பது வருடம் தாண்டிய அசல் நிலைத் துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேரே வீட்டுக்கு வரவழைக்கலாம். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். நாணயம் சேர்ப்பவருக்கு அது பழகிய வேலைதான்.

என்ஃபீல்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் உறுதி செய்யுங்கள். 1942 வாக்கில் அவசரத்துக்காக ஹேமர் தடுப்பு என்கிற பாகத்தை விட்டுவிட்டு இரட்டை நட்சத்திரம் போட்டு ஒரு மாடல் செய்தார்கள். தோட்டாவோடு கீழே விழுந்தால் தானே வெடிக்கலாம். போர் முடிந்ததும் திரும்ப வாங்கி அந்தப் பாகத்தைப் போட்டுக் கொடுத்தார்கள், ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். உங்களுடையது ஒரு நட்சத்திரமா, பக்கத்தில் தேய்ந்துபோன இன்னொன்றும் இருக்கிறதா? வலது பக்கம், ஹேமருக்குக் கீழே குத்தியிருக்கும் எழுத்தைச் சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.